ஏஏ, ஏஎஸ், ஏடிடி: கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் எதை எடுப்பது?

ஃப்ரீமான்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ‘பையன் எங்கே படிக்கிறான்?’ என்று கேட்டால், பெர்க்லி என்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஒலோனி காலேஜ் என்பவர்கள் மட்டும் ‘இப்போதைக்கு’ என்று ஒரு சொல்லை முன்னால் போட்டுக்கொள்வார்கள். என் மகள் கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைத் தரும் அரசுக் கல்லூரி) சேர்ந்த புதிதில் நானும் அந்த ‘இப்போதைக்கு’வைத் தாராளமாகப் பயன்படுத்தியவள்தான். கட்டண ரசீதைப் பார்த்த பிறகு கூச்சம் போய்விட்டது. கலிபோர்னியாவில் குடியிருப்பவர் என்று காலேஜ் ஏற்றுக்கொண்டால் ஒரு யூனிட்டுக்கு (பாடச் சுமையை அளக்கும் அலகு) 46 டாலர். 2012 முதல் இதே தொகைதான். இங்கே தரும் அசோசியேட் பட்டத்துக்கு (இளங்கலைக்கு முந்தைய இரண்டாண்டுப் பட்டம்) 60 யூனிட் வேண்டும்; பெருக்கினால் 2,760 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) வளாகத்தில் ஒரே ஆண்டுக்குக் கட்டணம் மட்டும் 15,000 டாலரை ஒட்டி வரும்.

கூச்சம் போன இடத்தில் குழப்பம் வந்து உட்கார்ந்தது. சேர்க்கைப் படிவத்திலேயே ‘உங்கள் இலக்கு என்ன’ என்று கேட்கிறார்கள். ஏஏ (அசோசியேட் இன் ஆர்ட்ஸ்), ஏஎஸ் (அசோசியேட் இன் சயின்ஸ்), ஏஏ-டி, ஏஎஸ்-டி, பட்டம் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் (நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது), சான்றிதழ் என்று வரிசையாகக் கட்டங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை அதில் எதையாவது தட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடும். அந்த ஒரு தட்டலில் எந்தப் பாடங்கள், எத்தனை செமஸ்டர், கடைசியில் எந்தக் கதவு என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது என்பது எங்களுக்கு இரண்டாம் ஆண்டில்தான் புரிந்தது.

எல்லாப் பட்டத்துக்கும் அடித்தளம் ஒன்றுதான்

கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருந்தாலும், பட்டத்தின் எலும்புக்கூட்டை மாநில விதிமுறை வகுத்துவிட்டது. மொத்தம் 60 செமஸ்டர் யூனிட். டி ஆன்சா, ஃபுட்ஹில் போலக் குவார்ட்டர் முறையில் நடக்கும் காலேஜ் என்றால் 90. மொத்த ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.0-க்குக் குறையக் கூடாது. முதன்மைப் பாடத்தில் குறைந்தது 18 யூனிட். அதில் ஒவ்வொரு கோர்ஸிலும் சி கிரேடு அல்லது அதற்கு மேல். அப்புறம், எந்தத் துறையானாலும் எல்லோரும் படிக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்கள். இவற்றோடு, பட்டம் தரும் காலேஜிலேயே 12 யூனிட்டாவது படித்திருக்க வேண்டும். நேரம் ஒத்துவருகிறது என்பதற்காகப் பக்கத்து ஊர் காலேஜ்கள் மூன்றில் ஒவ்வொரு கோர்ஸ் எடுக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விதியை.

ஏஏ-வுக்கும் ஏஎஸ்-க்கும் என்ன வித்தியாசம் என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். உண்மையில் கவலைப்படத் தேவையில்லாத கேள்வி அதுதான். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம், தொழிற்படிப்பு என்றால் ஏஎஸ், மற்றதெல்லாம் ஏஏ. எந்தத் துறைக்கு எந்தப் பெயர் என்பதை காலேஜே முடிவு செய்துவிட்டிருக்கும். நாம் தேர்ந்தெடுப்பது துறையை மட்டும்தான்.

கவலைப்பட வேண்டிய கணக்கு வேறொன்று இருக்கிறது. முழுநேர மாணவர் என்றால் செமஸ்டருக்கு 12 யூனிட் என்பார்கள். நான்கு செமஸ்டருக்கு 48. அறுபதுக்கு இன்னும் 12 பாக்கி! ‘ஃபுல் டைம்தானே படிக்கிறான், இரண்டு வருடத்தில் முடித்துவிடுவான்’ என்று நம்பியிருக்கும் பெற்றோருக்கு இதை யாரும் சொல்வதில்லை. இரண்டு ஆண்டில் முடிக்கச் செமஸ்டருக்கு 15 யூனிட் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கோடை விடுமுறையைக் காவு கொடுக்க வேண்டும்.

சுமையைக் குறைக்கும் விதியும் உண்டு. ஒரே கோர்ஸை முதன்மைப் பாடத்திலும் பொதுக்கல்வியிலும் இரண்டு இடத்திலும் கணக்குக் காட்டலாம். சைக்காலஜி மாணவிக்கு அறிமுக சைக்காலஜி, பொதுக்கல்வியின் சமூக அறிவியல் கட்டத்தையும் நிரப்பிவிடும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கணிதக் கட்டத்தையும் நிரப்பிவிடும். ஆனால் யூனிட் ஒருமுறைதான் எண்ணப்படும். கட்டங்கள் எல்லாம் நிரம்பிய பிறகும் 60 வராவிட்டால் பிடித்த பாடம் எதையாவது எடுத்து நிரப்பிக்கொள்ளலாம். என் மகள் செராமிக்ஸ் எடுத்தாள். அந்தக் கோணல் கிண்ணத்தில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சாவிகள் கிடக்கின்றன.

லோக்கல் பட்டமும் ஏடிடியும்

பெயருக்குப் பின்னால் ‘டி’ இல்லாத ஏஏ, ஏஎஸ் பட்டங்களை லோக்கல் பட்டம் என்பார்கள். ‘டி’ இருந்தால் அது டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம், சுருக்கமாக ஏடிடி. இது 2010-இல் வந்த எஸ்பி 1440 சட்டத்தின் பிள்ளை. அதற்கு முன்பு ஒவ்வொரு காலேஜும் ஒவ்வொரு சிஎஸ்யூ (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) வளாகமும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்ததால், மாணவர்கள் தேவைக்கு மேல் யூனிட்டுகளைச் சுமந்துகொண்டு அலைந்தார்கள். ஏடிடி முடித்தவருக்குச் சிஎஸ்யூ அமைப்பில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி, அதே துறையை ஒட்டிப் படித்தால் இன்னும் 60 யூனிட்டில் இளங்கலைப் பட்டத்தை முடித்துவிடலாம் என்பது அந்தச் சட்டம் தந்த வாக்கு. உடற்பயிற்சிப் பாடம், உடல்நலப் பாடம் என்று காலேஜ் தன் பங்குக்குச் சேர்க்கும் கூடுதல் நிபந்தனைகளையும் ஏடிடி மாணவர் மீது சுமத்த முடியாது.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு பொதுக்கல்வியில்தான். 2025 இலையுதிர் பருவம் முதல், ஏடிடிக்குக் கால்-கெட்சி என்ற ஒரே பொதுக்கல்விப் பட்டியல். 2021-இல் வந்த ஏபி 928 சட்டத்தின் விளைவு அது. பதினொரு கோர்ஸ், 34 யூனிட். ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், விமர்சனச் சிந்தனையோடு கூடிய எழுத்து, மேடைப் பேச்சு, கணிதம், கலை, மனிதவியல், வெவ்வேறு துறையிலிருந்து இரண்டு சமூக அறிவியல், இயற்பியல், வேதியியல் போன்ற பௌதிக அறிவியல் ஒன்று, உயிரியல் சார்ந்தது ஒன்று, இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆய்வகம், கடைசியாக எத்னிக் ஸ்டடீஸ் (இனக்குழுக்கள் பற்றிய படிப்பு). ஒவ்வொன்றிலும் சி வேண்டும். லோக்கல் பட்டத்தின் பொதுக்கல்வியோ ஏழு கட்டம், சுமார் 21 யூனிட்டோடு முடிந்துவிடும். அறிவியலுக்கு ஒரே கோர்ஸ். பேச்சு, விமர்சனச் சிந்தனை இரண்டும் ஒரே கட்டத்துக்குள் அடக்கம்.

இடையில் உள்ள இந்த 13 யூனிட் கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர் உழைப்பு. வேலைக்காகப் படிப்பவருக்கு அந்த மிச்சம் லாபம். தொழிற்பாடங்களை அதிகமாக எடுக்கலாம். பின்னாளில் டிரான்ஸ்ஃபர் ஆக நினைப்பவருக்கோ அதே 13 யூனிட் கடன் மாதிரி. லோக்கல் பட்டம் வாங்கிவிட்டு ‘சரி, இப்போது சான் ஹோசே ஸ்டேட்டுக்குப் போகலாம்’ என்று (அது ஒரு சிஎஸ்யூ வளாகம்) கிளம்பினால், விட்ட பாடங்களை எப்போதாவது படித்தே ஆக வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் ஏடிடி எடுத்துவிடலாமே என்று தோன்றும். சிஎஸ்யூதான் இலக்கு என்று தெரிந்தவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த ‘உறுதி’ என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். உறுதி சிஎஸ்யூ என்ற அமைப்புக்குத்தான். நீங்கள் கேட்கும் வளாகத்துக்கோ துறைக்கோ அல்ல. சான் ஹோசே ஸ்டேட்டில் கணினி அறிவியலுக்கு இருக்கும் நெரிசலை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பித்த இடங்களில் எதுவும் கிடைக்காவிட்டால், இடம் இருக்கும் வேறொரு வளாகத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அது பல மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கலாம். வீட்டிலிருந்தே படித்தால் செலவு குறையும் என்றுதானே கம்யூனிட்டி காலேஜுக்கே வந்தோம்? வாடகை கொடுத்து வெளியூரில் தங்க வேண்டி வந்தால், முதல் இரண்டு ஆண்டில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும். சிஎஸ்யூவின் அடிப்படைக் கட்டணம் 2025-26-இல் ஆண்டுக்கு 6,450 டாலர்தான். எங்கள் பகுதியில் ஒரு அறையின் வாடகை சில மாதங்களிலேயே அதைத் தாண்டிவிடும்.

ஏடிடி இல்லாமலும் சிஎஸ்யூவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. டிரான்ஸ்ஃபர் ஆகும் 60 யூனிட், குறைந்தபட்ச ஜிபிஏ, ‘கோல்டன் ஃபோர்’ என்று செல்லமாகச் சொல்லப்படும் எழுத்து, பேச்சு, விமர்சனச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கும் கையில் இருந்தால் கதவைத் தட்டலாம். முன்னுரிமையும் உறுதியும்தான் கிடைக்காது.

யூசிக்குப் போகிறவர்களுக்குப் பட்டம் எதற்கு?

நேராகவே சொல்லிவிடுகிறேன்: யூசி டிரான்ஸ்ஃபருக்கு அசோசியேட் பட்டம் தேவையே இல்லை. அவர்கள் பார்ப்பது 60 டிரான்ஸ்ஃபர் யூனிட், ஜிபிஏ (மாநிலத்தவருக்கு 2.4 என்பது குறைந்தபட்ச எல்லை மட்டுமே, நெரிசல் துறைகளில் அதை வைத்துக்கொண்டு எதுவும் நடக்காது), ஆங்கிலமும் கணிதமும் உள்ளிட்ட ஏழு கோர்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் கேட்கும் துறைக்கான முன்பாடங்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு பையன், கணினி அறிவியல் ஏஎஸ்-டி எடுத்துக்கொண்டிருந்தான். நல்ல பட்டம்தான். கால்குலஸ், இயற்பியல், புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர் எல்லாம் உண்டு. ஆனால் அவன் மனதில் இருந்தது யூசி. அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் நம் காலேஜையும் போக விரும்பும் வளாகத்தையும் துறையையும் கொடுத்தால், எந்தக் கோர்ஸுக்கு எது ஈடு என்று பட்டியல் வரும். அதைத் திறந்து பார்த்தபோது, லீனியர் ஆல்ஜீப்ரா, கூடுதல் கால்குலஸ் என்று பட்டத்தின் பட்டியலில் இல்லாத பாடங்கள் எதிரே நின்றன. அறுபது யூனிட்டுக்குள் இரண்டு பட்டியலையும் திணிக்க முடியவில்லை. அவன் பட்டத்தைக் கைவிட்டான். அவன் அம்மாவுக்கு மனசே இல்லை. ‘இரண்டு வருஷம் படிச்சு கையில ஒரு பேப்பர்கூட இல்லையா?’ என்றார். எனக்கு அவன் செய்தது சரி என்றுதான் பட்டது. பொறியியலிலும் கணினியிலும் யூசி வளாகங்கள் துறைப் பாடங்களைத்தான் முதலில் தேடுகின்றன. பொதுக்கல்வி சற்றுக் குறைந்திருந்தால் அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

வரலாறு, சமூகவியல், ஆங்கிலம், சைக்காலஜி போன்ற துறைகளில் நிலைமை வேறு. அங்கே முன்பாடங்கள் குறைவு; கால்-கெட்சியை முடித்தால் யூசி, சிஎஸ்யூ இரண்டுக்கும் ஒரே அடியில் தயார். ஏடிடியும் கூடவே வந்துவிடும். கூடுதல் செலவில்லாமல் கிடைப்பதை விடுவானேன்?

யூசியிலும் ஓர் உறுதி உண்டு. டேக் (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) என்பார்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதேனும் ஒன்றுக்கு மட்டும் செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ இந்தத் திட்டத்தில் இல்லை. கணினி போன்ற துறைகளையும் பல வளாகங்கள் விலக்கி வைத்திருக்கின்றன. ஏடிடியின் உறுதியோடு ஒப்பிட்டால், டேக்கில் வளாகமும் துறையும் பெயர் சொல்லிக் கிடைக்கும்; அதற்கேற்ப ஜிபிஏவும் ஏறும். வீட்டுக்கு எது நல்லது என்று கேட்டால், தகுதி இருக்கிறவர்களுக்கு டேக்தான் என்பேன்.

எந்தக் கணிதம் எடுப்பது என்ற கேள்வியை இங்கேயே பேசிவிடலாம், ஏனென்றால் திசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். 2017-இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு, அடிப்படைக் கணிதத்தில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் போய்விட்டது. பெரும்பாலான பிள்ளைகள் நேராக டிரான்ஸ்ஃபர் தரக் கணிதத்தில் உட்கார்கிறார்கள். பொதுக்கல்விக் கட்டத்துக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸே போதும். எனவே கால்குலஸுக்குப் பயந்த பிள்ளைகள் அதை எடுத்துக் கட்டத்தை மூடிவிடுகிறார்கள். மனம் மாறி எகனாமிக்ஸ் பக்கம் போனால், அந்த ஏஏ-டியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸோடு கால்குலஸும் நிற்கும். கால்குலஸுக்கு முன்னால் பிரீ-கால்குலஸ் வேண்டியிருந்தால் இன்னும் ஒரு செமஸ்டர். துறை இன்னும் முடிவாகாத பிள்ளைக்கு, முடியுமானால் முதல் ஆண்டிலேயே கால்குலஸ் பாதையில் கால் வைக்கச் சொல்லுங்கள். கால்குலஸ் முடித்துவிட்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம் திரும்புவது சுலபம்.

ஊரிலேயே பட்டம் வாங்கி வந்தவர்கள்

எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் துணைக்குத் தருவது) வந்து, திருச்சியிலோ கோவையிலோ வாங்கிய பி.எஸ்ஸி., பி.காம். பட்டத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் பெண்கள் நிறையப் பேர் இந்தக் காலேஜ்களில் இருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேல் குடியிருந்து, இங்கேயே நிலைக்கும் எண்ணத்துக்கு ஆதாரம் காட்டினால் எச்-4காரர்களுக்கும் 46 டாலர் கட்டணம் கிடைக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

இவர்களுக்கு ஏடிடி பெரும்பாலும் வீண். ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் உள்ளவர்களை இரண்டாவது இளங்கலைக்குச் சிஎஸ்யூ பொதுவாக எடுப்பதில்லை. அதோடு, இந்தியாவில் படித்த பாடங்களைக் கால்-கெட்சிக் கட்டங்களில் கணக்குக் காட்டவும் முடியாது. லோக்கல் பட்டம் இங்கே கைகொடுக்கும்: வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனத்தின் அறிக்கையை வாங்கிக் கொடுத்தால், பழைய பாடங்களைப் பொதுக்கல்விக்கு ஏற்கும் காலேஜ்கள் உண்டு. சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், காலேஜுக்குக் காலேஜ் மாறும். கணக்குப்பதிவு போன்ற துறையில் வேலைக்குப் போக நினைப்பவருக்குப் பட்டம்கூட வேண்டாம். தேவையான கோர்ஸ்களையும் ஒரு சான்றிதழையும் எடுத்தால் ஆயிற்று. எங்கள் தோழி ஒருத்தி அப்படித்தான் செய்தாள்.

நர்ஸிங் தனிக் கதை. அங்கே அசோசியேட் பட்டமே முழுமையான பட்டம். ஏடிஎன் (நர்ஸிங் அசோசியேட் பட்டம்) முடித்தவரும் நான்காண்டு பிஎஸ்என் (நர்ஸிங் இளங்கலை) முடித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ்-ஆர்என் உரிமத் தேர்வுதான். ஆனால் அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி என்று முன்பாடங்களை முடித்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். போட்டி கடுமை. இடம் கிடைத்த பிறகு இன்னும் நான்கு செமஸ்டர். ‘இரண்டு வருடப் படிப்பு’ என்று யாராவது சொன்னால், எதிலிருந்து எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள்.

எங்களுக்கு நடந்தது

என் மகள் 2021-இல் சேர்ந்தபோது பொதுக்கல்விக்கு இரண்டு பட்டியல்கள் இருந்தன, சிஎஸ்யூவுக்கு ஒன்று, யூசியையும் சேர்த்து இன்னொன்று. விமர்சனச் சிந்தனைக்குத் தத்துவத் துறையில் ஒரு லாஜிக் கோர்ஸ் எடுத்தாள். ‘இது டிரான்ஸ்ஃபர் ஆகும்’ என்று ஆலோசகர் சொன்னார், பொய்யில்லை. ஆனால் அதில் கட்டுரைப் பயிற்சி இல்லாததால் சிஎஸ்யூ பட்டியலில் இடம் பிடித்தது, மற்றதில் பிடிக்கவில்லை. யூசி ஆசை வந்த பிறகுதான் அது தெரிந்தது. அந்தக் கோடையில் மதுரைக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, மூன்று யூனிட்டுக்கு 138 டாலர் கட்டி ஆறு வாரம் கட்டுரை எழுதினாள். அப்பத்தாவின் எண்பதாவது பிறந்தநாளை வாட்ஸ்அப்பில் பார்த்தோம். அவருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஒரே பட்டியலாகிவிட்டதால் அந்தக் குழி இப்போது மூடப்பட்டுவிட்டது. ஆனால் லோக்கல் பட்டியலுக்கும் கால்-கெட்சிக்கும் இடையே அதன் தங்கை இருக்கிறாள்: லோக்கலில் பேச்சுப் பாடம் ஒன்றே ஒரு கட்டத்தை மூடிவிடும், கால்-கெட்சியில் பேச்சும் வேண்டும், எழுத்தோடு கூடிய விமர்சனச் சிந்தனையும் வேண்டும். ஹைஸ்கூலில் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுகளை அள்ளிக் குவித்த நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஏபி மதிப்பெண் பல கட்டங்களை மூடும். இந்த இரண்டை மூடாது.

‘டிரான்ஸ்ஃபர் ஆகுமா?’ என்று மட்டும் கேட்டால் ‘ஆகும்’ என்ற பதில்தான் வரும். எந்தப் பட்டியலில், எந்தக் கட்டத்துக்கு என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த ஆண்டின் கேட்டலாகையும் (பாடங்களும் விதிகளும் அடங்கிய கையேடு) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் படிப்பை விடாமல் தொடர்ந்தால், விதிகள் மாறினாலும் சேர்ந்த ஆண்டின் நிபந்தனைப்படியே பட்டம் கேட்கும் உரிமை உண்டு. 2025 முதல் பொதுவான கோர்ஸ் எண்கள் வேறு நடைமுறைக்கு வந்துகொண்டிருப்பதால், பழைய எண்ணும் புது எண்ணும் கலந்து குழப்பும்.

இன்னொன்று. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டால் பட்டம் தானாக வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். பல காலேஜ்களில் அதற்கு ஒரு விண்ணப்பம் போட வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு, அது பட்டமளிப்புக்குப் பல வாரங்களுக்கு முன்பே கடந்துவிடும். மகள் அதை ஒரு நாள் மிச்சமிருக்கும்போது போட்டாள். யூசிக்கு அந்தப் பட்டம் தேவையில்லைதான். ஆனாலும் ஏஏ-டி, சைக்காலஜி என்று அச்சிட்ட அந்தக் காகிதம் இப்போது மதுரையில் அப்பத்தா வீட்டு ஹாலில், எண்பதாவது பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.